அளவு சரியில்லாத கோட்டு

காணாமல் போன மனிதரைத் தேடிக் கண்டுபிடிப்பது தொழில் அல்ல, தவம். இருட்டிலிருந்து இருட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன், காற்றில் நடந்தவனின் காலடியையும் படிக்கத் தெரிந்தவன், அவன் ஒருவனே அந்தத் தவத்துக்கு உரியவன். உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

ஜன்னலோரம் நின்று கோட்டின் காலரை இழுத்துவிட்டபடி கழுகு இதைச் சொல்லி முடித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு இன்னும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் ஒரு பல் டாக்டர், ஒரு டைப்பிங் சென்டர், பூட்டிக் கிடந்த ஒரு கழிப்பறை என்று எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுத்தான் அவர் இங்கே வந்து சேர்ந்திருந்தார். 'கழுகு துப்பறியும் நிலையம்' என்ற பலகையை வாடகை பாக்கிக்காகக் கட்டடக்காரர் கழற்றிக்கொண்டு போய்ப் பல நாளாகிறது.

"போர்டு இருந்திருந்தா சுலபமா இருந்திருக்கும்," என்றார் அந்த அம்மாள். குறை சொல்லும் குரல் இல்லை. பஸ் போய்விட்டது என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல இருந்தது.

"எங்களைக் கண்டுபிடிக்கிறவங்க கேஸைத்தாம்மா நாங்க எடுக்கறது," என்றான் குண்டூசி. "நுழைவுத் தேர்வுன்னு வச்சுக்குங்க. நீங்க பாஸ்."

குண்டூசி கழுகின் உதவியாளன். கழுகின் மனைவிக்குத் தம்பியும்கூட. வந்தவர்கள் முன்னால் அவரை 'பாஸ்' என்பான். தனியாக இருக்கும்போது 'அத்தான்'. கோபம் வந்தால் இரண்டும் கிடையாது. குத்துவதும் அவன்தான், பறந்து போகிற காகிதத்தைச் சேர்த்துப் பிடித்து வைப்பதும் அவன்தான் என்பதால் அந்தப் பெயர்.

கழுகு நாற்காலிக்கு வந்தார். அவர் தலைக்கு மேலே, சட்டம் போட்ட பெரிய படத்தில், அதே கழுகு அதே கோட்டில் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலையம் திறந்த நாளில் எடுத்த படம். கோட்டு, ஒரு வெளிநாட்டுத் தூதர் கண்ணீர் மல்கக் கொடுத்த பரிசு. என்ன வழக்கு என்று கேட்டால் ராஜ ரகசியம் என்பார். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் வீட்டுக்கு வெளியே அதை அவர் கழற்றியதில்லை.

"சொல்லுங்கள் அம்மா. காணாமல் போனவர் யார்?"

கழுகு பேசும்போது அச்சடித்த மாதிரிதான் பேசுவார்.

"ஒரு வக்கீல்."

"எப்போதிலிருந்து காணவில்லை?"

"தெரியல. அப்படி ஒருத்தர் இருக்காரான்னே தெரியல."

குண்டூசி நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த அம்மாளின் கட்டைவிரல் நாற்காலி மெத்தையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. மெத்தைப் பட்டறை வைத்திருப்பவர். கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஆள் எங்கேயோ இருந்தார்.

அவர் சொன்னது சுருக்கமானது. ஒரு புது ஓட்டல் மொத்தமாக மெத்தை கேட்டது. கடன் வாங்கிப் பஞ்சு வாங்கினார், துணி வாங்கினார், ஆள் சேர்த்தார். ஓட்டல் திறக்கவே இல்லை. மெத்தைகள் பட்டறையில் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை கோர்ட்டில் அவர் பக்கம் பேச ஆள் நிற்காவிட்டால் பூட்டு.

"கீழ பட்டறை, மேல வீடு. ஏறுறதுக்கு வாசல் ஒண்ணுதான். ஒரே பூட்டுல ரெண்டும் போயிடும். நானும் எம் பொண்ணும் வெளிய நிப்போம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழை வராம இருந்தா நல்லது," என்றார்.

"வேற வக்கீல் யாரையும் பாக்கலியாம்மா?"

"மூணு பேரைப் பார்த்தேன். முதல் ஆளு ஆபீஸ்ல உள்ள போனதுமே குளிரும். கையில மிச்சமிருந்த காசையெல்லாம் ஆலோசனைக் கட்டணம்னு வாங்கிட்டு, தைரியமா இருங்கன்னாரு."

"அவ்வளவு காசுக்கு நான் கூடவே வந்து அழுதிருப்பேனே."

"ரெண்டாவது ஆளு, எல்லாத்தையும் தங்கச்சி பேருக்கு ராத்திரியோட ராத்திரியா மாத்திடுங்கன்னாரு. மாத்தினா ஜெயிலாமேன்னு கேட்டேன். அது வேற கேஸு, அதுக்கும் நானே வர்றேன்னாரு."

"மூணாவது?"

"ரொம்ப மரியாதையான மனுஷர். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. கிளம்பும்போதுதான் சுவத்துல காலண்டரைப் பார்த்தேன். எனக்குக் கடன் கொடுத்த பேங்க்கு காலண்டர். அவங்க வக்கீலே அவர்தானாம்."

கழுகு கண்ணை மூடி ஆழ்ந்தார். கண்ணை மூடினால் சிந்திக்கிறார் என்று அர்த்தம். சில சமயம் தூங்குகிறார் என்றும் அர்த்தம்.

"நாற்காலிக் கம்பெனிக்காரர் ஒருத்தர் இருக்காரு," என்று அந்த அம்மாள் தொடர்ந்தார். "ரெண்டு வருஷம் முன்ன முழுசா முழுகினாரு. மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாருன்னு ஊரே பேசிச்சு. அப்புறம் பார்த்தா திரும்ப நிக்கறாரு. கடை இருக்கு, வீடு இருக்கு. யாரோ ஒரு நல்ல வக்கீலாம். யாருன்னு போய்க் கேட்டேன். 'நான் எப்பம்மா முழுகினேன்?'ங்கறாரு. ஐஸ் கம்பெனிக்காரரும் அதையேதான் சொல்றாரு. லாரிக்காரரும் அதையேதான் சொல்றாரு."

உண்மைதான். கொலை செய்தவன்கூட, கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று ஒருநாள் ஒப்புக்கொள்வான். திவாலானவன் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பான். நல்ல டாக்டரை நாலு பேர் சொல்வார்கள், நல்ல மெக்கானிக்கை எட்டுப் பேர் சொல்வார்கள். நல்ல திவால் வக்கீலை மட்டும், அவரால் பிழைத்தவர்கள் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு நல்லவரோ அவ்வளவு இருட்டில் இருப்பார்.

"அவர் தலைமறைவாக இருக்கிறார்," என்று கழுகு கண்ணைத் திறந்தார். "கடன் கொடுத்தவர்களின் கூலிப்படைக்குப் பயந்து, பாதாள அறை ஒன்றில். உள்ளே போகச் சங்கேத வார்த்தை இருக்கும்."

"உங்க ஃபீஸுக்குப் பணம் இல்ல," என்றார் அம்மாள். "ஒரு மெத்தை தர்றேன்."

"அம்மா, கழுகு பொருளுக்காகப் பறப்பதில்லை..."

"சிங்கிளா டபுளா?" என்று கேட்டான் குண்டூசி.

"டபுள்."

"கேஸ் எடுத்தாச்சு."

*

நாற்காலிக் கம்பெனியின் ஷோரூமில் நாற்காலிகள் வரிசையாக நின்றன. உட்கார ஆளில்லாத கூட்டம் மாதிரி இருந்தது. கழுகு கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, கடல் கடந்து நடக்கப்போகும் மாநாட்டுக்கு நாற்காலி வாங்க வந்த பெரும்புள்ளியாக உள்ளே போனார். இந்த வேஷத்துக்கு அவர் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

முதலாளி உயரமும் இல்லை, குள்ளமும் இல்லை. பருமனும் இல்லை, ஒல்லியும் இல்லை. அரைக்கைச் சட்டை. எந்தக் கடையிலும் பொம்மைக்கு மாட்டியிருப்பதை அப்படியே கழற்றி இவருக்கு மாட்டலாம்.

"எங்க கம்பெனிக்கு வீழ்ச்சின்னு ஒண்ணு கிடையாது சார்," என்று அவர் ஆரம்பித்தார். கழுகு 'வீழ்ச்சி' என்ற வார்த்தையை உச்சரிக்கவே இல்லை. "நடுவுல கடை கொஞ்ச நாள் மூடியிருந்தது உண்மை. பெயின்ட் அடிச்சோம்."

"எவ்வளவு நாள் அடித்தீர்கள்?"

"நல்ல பெயின்ட் சார். காய நாளாச்சு."

கல்லாவில் முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். குண்டூசி அங்கே போய் நின்றான். பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கல்லாவில் இருப்பவர்களிடம் கேட்டால் விஷயம் கிடைக்கும் என்பது அவன் அனுபவம்.

"சார் முகத்துல ஒரு களை தெரியுதுக்கா," என்றான் மெதுவாக. "ஒரு கோட்டு மட்டும் போட்டா எங்க பாஸைவிட நல்லா இருப்பாரு."

முதலாளி மனைவியின் முகம் சட்டென்று இறுகியது. "கோட்டுப் பேச்சை இங்க எடுக்காதீங்க தம்பி."

"ஏங்க்கா?"

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் பெயின்ட்டின் தரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடை மூடியிருந்தப்ப, கோட்டு வாடகைக்கு எடுக்கறேன்னு கிளம்பிப் போவாரு. போஸ்ட் ஆபீஸுக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கே, அங்க. எதுக்குங்க கோட்டுன்னா, ஒரு கல்யாணம்பாரு. யார் கல்யாணம்னு கேட்டா பதில் வராது. ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை போனாரு. ஒரு தடவைகூட கோட்டோட வரல. ஏன்னு கேட்டா, அளவு சரியில்லயாம்."

குண்டூசி திரும்பி முதலாளியின் தோளை, இடுப்பை, கையை அளந்து பார்த்தான்.

"சாருக்கா அளவு சரியில்ல?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! கடைத்தெருவுல எதை எடுத்தாலும் இவருக்குச் சேரும். அந்தக் கடை போர்டுலயே 'எல்லா அளவுகளிலும்'னு போட்டிருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்தேன். உள்ள உக்காந்திருக்கறது ஒரு பொம்பளை." கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். "போறப்ப மூஞ்சி செத்துப் போயிருக்கும் தம்பி. வர்றப்ப, பசிக்குது, என்ன இருக்குன்னு கேப்பாரு. ரெண்டு தட்டு சாப்பிடுவாரு. நான் என்னன்னு நினைக்கறது?"

"நல்லதா நினைங்கக்கா," என்றான் குண்டூசி. "ரெண்டு நாள்ல நானே வந்து சொல்றேன். நீங்க நினைக்கற மாதிரி இல்ல."

வெளியே வந்ததும் கழுகு பெருமூச்சு விட்டார். "ஒரு தகவலும் பெயரவில்லை. உறுதியான மனிதன். பெயின்ட்டைத் தாண்டி ஒரு சொல் வரவில்லை."

"அத்தான், நம்ம வக்கீல் இருக்கற இடத்துக்கு வழி கிடைச்சாச்சு. போஸ்ட் ஆபீஸ் பின்னாடித் தெரு. வாடகைக் கோட்டுக் கடை."

கழுகு நடப்பதை நிறுத்தினார். முகத்தில் இருந்த ரத்தம் கோட்டுக்குள் இறங்கிப் போனதுபோல இருந்தது.

"அந்தத் தெருவுக்கு நான் வர இயலாது."

"ஏன்?"

"அங்கே எனக்கு எதிரிகள் இருக்கிறார்கள்."

"யாரு? எத்தனை பேரு?"

"எதிரிகளைக் கழுகு எண்ணுவதில்லை."

குண்டூசிக்கு ஒன்று நினைவு வந்தது. தபால் ஆபீஸ் நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தாலும், அத்தான் எப்போதும் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டுதான் அங்கே போவார். பின்தொடர்பவர்களை ஏமாற்ற என்று சொல்லியிருந்தார். பின்தொடர்ந்தவன் ஒருவனே ஒருவன், அது குண்டூசி. அவனுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

*

மறுநாள் வியாழக்கிழமை. கோட்டுக் கடைக்கு எதிரே மூடிக் கிடந்த ஒரு கடைப் படியில் குண்டூசி தனியாக உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் தலையில்லாத பொம்மைகள் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றன. எல்லாக் கோட்டின் தோளிலும் தூசி. வாடகைக்குப் போகிற சாமானில் தூசி எப்படி உட்காரும்?

ஒரு குண்டு மனிதர் வந்தார். தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். யாரோ தெரிந்தவர் சைக்கிளில் போக, இவர் நெஞ்சை நிமிர்த்தி, "சும்மா, ஒரு ஃபங்ஷனுக்கு!" என்று கேட்காமலே சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்தார். தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவன் கழுத்தைச் சுழற்றிப் பார்ப்பதுபோல் சுழற்றிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அடுத்து ஓர் ஒல்லி மனிதர். அவரும் வெறுங்கை.

அதற்கடுத்து ஒரு பெண். ஆண்கள் கோட்டு மட்டும் இருக்கிற கடைக்குள் போய், உட்கார்ந்து பேசிவிட்டு, வெறுங்கையோடு வந்து, முனையில் நின்ற வண்டியில் வாழைப்பழம் வாங்கி நின்ற இடத்திலேயே தின்றார்.

குண்டூசி ஃபோன் போட்டான். "அத்தான், ஆளு போறாங்க, வர்றாங்க. ஒரு கோட்டும் நகரல."

"கடத்தல்!" என்று கழுகின் குரல் அதிர்ந்தது. "நினைத்தேன்! கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்து, வைரங்களை..."

"கோட்டே வெளிய வரல அத்தான். வைரம் எது மேல ஏறி வரும்?"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அந்தக் கடையில விக்கறது கோட்டு இல்ல. செத்த மூஞ்சியோட உள்ள போறான், பசியோட வெளிய வர்றான். அதை எந்தக் கடையில விப்பாங்க? மெத்தைக்காரம்மாவை வரச் சொல்லிட்டேன். நீங்களும் வாங்க."

"நான் இங்கிருந்தே வழிநடத்துகிறேன்."

"அந்தம்மா சொல்லிட்டாங்க. இன்னொரு வக்கீல் ரூமுக்குத் தனியா நடந்து போறதுக்குக் கால்ல தெம்பு இல்லயாம். நாம ரெண்டு பேரும் வந்தாத்தான் வருவாங்களாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஞாபகம் இருக்கா?"

கழுகு வந்தார். காலரைக் காது வரை தூக்கிவிட்டு, விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி வந்தார். தெருவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெத்தைக்காரம்மா வேலை செய்த சேலையோடு, பஞ்சு ஒட்டிய கையோடு அப்படியே வந்திருந்தார். என்ன கடை, ஏன் கடை என்று கேட்கவில்லை. வா என்றால் வரும் நிலையில் இருந்தார். போ என்றாலும் போயிருப்பார்.

உள்ளே, கழுத்தில் அளவு நாடா தொங்க, நரைத்த தலையோடு ஒரு பெண்மணி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு அளவு எடுக்கணும்?"

"இந்தம்மாவுக்கு," என்றான் குண்டூசி. "கோட்டுக்கு இல்ல. நாளைக்கு அவங்க வீட்டைப் பூட்டப் போறாங்க."

பெண்மணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். மெத்தைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய், 'போட்டுப் பார்க்கும் அறை' என்று எழுதியிருந்த திரையை விலக்கினார். உள்ளே மேஜை, நாற்காலி, தடித்தடியாய்ச் சட்டப் புத்தகங்கள், சுவரில் வக்கீல் அங்கி. ஆளுயரக் கண்ணாடியும் அப்படியே இருந்தது.

கழுகு கோட்டுகள் தொங்கிய வரிசைக்குள் புகுந்து, கூட்டத்தோடு கூட்டமாகத் தொங்கப் பார்த்தார்.

"முதல்ல வக்கீல்னு போர்டு போட்டுத்தான் உக்காந்தேன்," என்றார் கோட்டுக்காரம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "வருஷம் பூரா ஈ ஓட்டினேன். திவால் வக்கீல் வாசல்ல ஒருத்தன் நிக்கறதைப் பார்த்துட்டா, கடன் கொடுத்தவன் எல்லாம் அன்னிக்கு சாயங்காலமே அவன் வாசல்ல நிப்பானே? இந்தக் கடை ஒரு கட்சிக்காரரோடது. ஃபீஸ் கொடுக்க வழியில்லாம இதைக் கொடுத்தாரு. அப்புறம்தான் பார்த்தேன், கோட்டுக் கடை வாசல்ல எவனைப் பார்த்தாலும் ஊரு என்ன நினைக்குது? ஆளு நல்லா இருக்கான்னு நினைக்குது."

"பிரமாதம்," என்று வரிசைக்குள்ளிருந்து ஒரு கோட்டு முணுமுணுத்தது.

"சரி, நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

குண்டூசி நிமிர்ந்தான். அளவு சரியில்லாத கோட்டு, தோளில் தூசி, வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆர்வமாகக் கேட்டார்.

"அவ்வளவு கஷ்டம் ஏன்? கோர்ட்ல திவால் கேஸ் நடக்கற ரூம் வாசல்ல ப்யூன் உக்காந்திருப்பாரு. கேட்டா சொல்வாரே. வாரத்துல பாதி நாள் நான் அங்கதான் நிக்கறேன்."

குண்டூசி கோட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு கோட்டும் அசையவில்லை.

"அது எங்களுக்குத் தோணல," என்றான்.

கோட்டுக்காரம்மா மெத்தைக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். என்ன இருக்கிறது, என்ன இல்லை, யார் யாருக்குத் தர வேண்டும் என்று கேட்டார். 'தைரியமா இருங்க' என்று சொல்லவில்லை. பதில்கள் ஒரே சீராக வந்தன, அடுத்த வீட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி.

"ஒளிச்சு வச்சது ஏதாவது?"

"ஒரு தையல் மெஷின். தங்கச்சி வீட்டுல."

"இன்னிக்கே கொண்டுவந்து பட்டறையில வச்சிருங்க. ஒளிச்சது எனக்குத் தெரியக் கூடாதுன்னு இல்ல. ஒளிச்சதே இருக்கக் கூடாது." பிறகு சொன்னார்: "எல்லாம் மிஞ்சும்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றவங்களைப் பார்த்தா எந்திரிச்சு வந்துருங்க. பட்டறை இப்ப இருக்கற மாதிரி இருக்காது, பாதி போயிடும். வீட்டைக் காப்பாத்த வழி இருக்கு. நாளைக்குப் பூட்டு விழாது, அது என் பொறுப்பு."

மெத்தைக்காரம்மா தலையசைத்தார். சந்தோஷம் தெரியவில்லை. வலியில்லாமல் மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல், சொன்னதை மனசுக்குள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் செய்யணும். கண்ணாடி முன்ன நில்லுங்க. 'என்னால கட்ட முடியல'ன்னு சத்தமா சொல்லுங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு ஜட்ஜ் கேப்பாரு. இங்க வர்றவங்க எல்லாம் என்கிட்ட தலையாட்டிட்டு, அங்க போய், 'அடுத்த மாசம் கட்டிடுவேன் ஐயா'ன்னு கௌரவமா சொல்லிடறாங்க. சொன்னா முடிஞ்சுது கேஸு. நாற்காலி விக்கற ஒருத்தரு, இந்த வார்த்தை வாயில வர்ற வரைக்கும் எத்தனை நாள் வந்து போனாரு தெரியுமா? பேரு கேக்காதீங்க."

குண்டூசி கேட்கவில்லை.

மெத்தைக்காரம்மா எழுந்து கண்ணாடி முன் நின்றார். தலையில், காதோரம், சேலை முந்தானையில் பஞ்சு. வெகுநாளாகப் பார்க்காத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னால கட்ட முடியல," என்றார். முதல் தடவையே வந்துவிட்டது. திரும்பவும், கேட்காமலே, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "என்னால கட்ட முடியல."

காதோரத்தில் இருந்த பஞ்சை எடுத்துப் போட்டார். அதைத் தவிர ஒன்றுமில்லை.

"போதும், உக்காருங்க. வக்காலத்துல கையெழுத்துப் போடலாம். அட்வான்ஸ் என்ன கொண்டுவந்தீங்க?"



"ஒண்ணும் இல்ல. மிச்சமிருந்ததை அந்த முதல் வக்கீல் வாங்கிட்டாரு."

"மொத்தமா கேக்கல. கொஞ்சமாவது வேணும். கோர்ட் செலவு இருக்கு. எல்லாருக்கும் சும்மா செஞ்சா, நானும் உங்க பக்கத்துல வந்து உக்கார வேண்டியதுதான்."

"மெத்தை தரலாம்."

"இனிமே அது உங்க மெத்தை இல்லம்மா. கோர்ட் மெத்தை. ஒண்ணைக்கூட யாருக்கும் தரக் கூடாது."

குண்டூசியின் மனதுக்குள் ஒரு டபுள் மெத்தை மெல்லச் சுருட்டிக்கொண்டு வெளியேறியது.

மெத்தைக்காரம்மா எழுந்தார். "சரிங்க. நான் வர்றேன்," என்றார். கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

கோட்டுக்காரம்மாவின் கண் அவரைத் தாண்டி, தொங்கிய வரிசைக்குப் போனது. அங்கே ஒரு கோட்டுக்குக் கீழே கால் இருந்தது.

"அந்த சார் யாரு?"

"எங்க பாஸ்," என்றான் குண்டூசி. "எதிரிகளுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்காரு."

"இப்படி வாங்க சார். பேப்பரை இறக்குங்க." எழுந்துபோய் அந்தக் கோட்டின் கை விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். "இது எங்க கடையிலயே நல்ல கோட்டு. ஃபோட்டோ எடுக்கணும், ஒரு மணி நேரத்துல கொண்டுவந்துடறேன்னு வாங்கிட்டுப் போனீங்க. எத்தனை வருஷமாச்சு?"

கழுகு தொடுவானத்தைப் பார்த்தார். அங்கே கண்ணாடிதான் இருந்தது.

"வெளிநாட்டுத் தூதர்," என்றான் குண்டூசி. "கண்ணீர் மல்க."

"அது..." என்றார் கழுகு.

"அக்கா அதை மாசாமாசம் ஷாம்பூ போட்டுத் தொடைக்குது! வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் தொட்டுப் பார்க்கச் சொல்லுது! எதிரிகள் இருக்காங்களாம் எதிரிகள்! மார்க்கெட்டைச் சுத்திச் சுத்தி என் செருப்பு தேஞ்சுது!" அத்தானும் வரவில்லை, பாஸும் வரவில்லை.

கோட்டுக்காரம்மா யோசித்தார். "இது போச்சுன்னு எப்பவோ விட்டுட்டேன். திரும்பி வந்தா, கிடைச்ச பணம் மாதிரிதான். வாடகை பாக்கியும் கேக்கல. கழட்டி வைங்க. இந்தம்மாவோட அட்வான்ஸ் வந்தாச்சுன்னு எழுதிக்கறேன்."

"இப்போதேவா?"

"இப்பவேதான்."

"நாளைக் காலையில் நானே சலவை செய்து..."

"போன தடவை ஒரு மணி நேரம்னீங்க."

கழுகின் கை மேல் பொத்தானுக்குப் போய் நின்றது. அவர் முகத்தில் அப்படியொரு பயத்தைக் குண்டூசி பார்த்ததே இல்லை.

"சார், எனக்காகக் கழட்ட வேண்டாம்," என்றார் மெத்தைக்காரம்மா. பழைய குரல்தான், ஏற்ற இறக்கம் இல்லாமல். "இதெல்லாம் எனக்குப் பழகிடுச்சு. இன்னொரு வக்கீல் இல்லன்னு ஆச்சு, அவ்வளவுதானே. நான் கிளம்பறேன்."

கழுகு அவரைப் பார்த்தார். தவம், இருட்டு, காலடி எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்ததைக் கழற்றினார். சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, ஒவ்வொரு கையாக உருவி, கோட்டை மடித்து மேஜைமேல் வைத்தார். உள்ளே வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. காலரும் டையும் பளிச்சென்று இருந்தன. அப்படி ஒன்றும் குறைந்துவிடவில்லையே என்று குண்டூசிக்குத் தோன்றியது.

"பொத்தான் எல்லாம் இருக்கு," என்றார் கோட்டுக்காரம்மா. வக்காலத்தை எடுத்து நீட்டினார்.

மெத்தைக்காரம்மா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அப்படியே இருந்தார். அவருடைய கட்டைவிரல் நாற்காலியை அழுத்தியது. இந்தத் தடவை அவர் குனிந்து பார்த்தார்.

"இதுல பஞ்சு எல்லாம் ஒரு பக்கமா போயிடுச்சு," என்றார். "யாரும்மா போட்டுக் கொடுத்தது? கேஸு முடிஞ்சதும் நான் பிரிச்சுப் போட்டுத் தர்றேன்." பிறகு, பையைத் தேடியபடி, "பக்கத்துல சாப்பிட ஏதாவது கிடைக்குமா? காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல," என்றார்.

"முனையில வாழைப்பழ வண்டி நிக்குது," என்றான் குண்டூசி.

அவர் முன்னால் போனார். குண்டூசி திரும்பி, "வாங்க அத்தான்," என்றான். கழுகு கோட்டுக்காரம்மாவைப் பார்த்துக் கைகூப்பியபடியே, ஓர் அடியும் திரும்பாமல், பின்பக்கமாக நடந்து வாசலுக்கு வந்தார். சட்டத்துக்கு அத்தான் காட்டுகிற மரியாதை என்று குண்டூசி நினைத்துக்கொண்டான். தெருவில் இறங்கியதும் அவர் திரும்ப வேண்டியிருந்தது.

அவருடைய சட்டைக்கு முதுகு இல்லை.